அளக்க வந்தவர்களும் அகப்பட்டவர்களும்

உலகின் முதல் சர்வேயர் திருமால். ஆதாரம் கேட்பவர்கள் காஞ்சிபுரத்துக்கோ திருக்கோவிலூருக்கோ பஸ் ஏறலாம். காலைத் தூக்கியபடி இன்னும் அளவையில்தான் நிற்கிறார். கட்சிக்காரர் பெயர் மகாபலி. ஒப்பந்தம் மூன்று அடி. முதல் அடியில் மண் தீர்ந்தது, இரண்டாவதில் விண் தீர்ந்தது, மூன்றாவதுக்கு இடமில்லாததால் நிலத்தைக் கொடுத்தவர் தலையிலேயே கால் வைத்துக் கோப்பை மூடினார்கள். நிலத்தை அளந்து தரச் சொல்லிப் போனவர் உள்ள நிலத்தையும் தொலைத்துவிட்டுத் திரும்புவது அன்றைக்குத் தொடங்கிய சம்பிரதாயம். தாரை வார்க்காதே என்று தடுக்கப் போன சுக்கிராச்சாரியாருக்கு ஒரு கண் போனது. இந்தத் தொழிலுக்குக் கண்ணைக் கொண்டுவந்து கொடுத்த இன்னொருவரைக் கொஞ்சம் கழித்துச் சந்திப்போம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திருமால் இந்த வேலைக்கு விரும்பி வந்தவர். எனக்குத் தெரிந்து அப்படி வந்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான். பின்னால் வந்தவர்கள் எல்லாம் வேறு எதற்கோ கிளம்பி, வழியில் ஏதோ தடுக்கி, சங்கிலியும் கையுமாக வயலில் நின்றவர்கள். வந்த பிறகு துறை அவர்களை விடவுமில்லை.

ராஜராஜ சோழனை ஏன் விட்டாய் என்று தஞ்சாவூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர் அளக்கவில்லை, அளக்கச் சொன்னார். வரிக்காக. 1000-ஆம் ஆண்டை ஒட்டி நாடு முழுக்கக் கோல் பிடித்து நடந்தார்கள்; வேலையை முடித்துக் கொடுத்த அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்று பட்டம். அளந்தது சோழ நாடு, பட்டம் உலகத்துக்கு. அந்தக் காலத்துக் கல்வெட்டுக் கணக்கில் ஒரு வேலி நிலத்தில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் இறங்கியிருக்கிறார்கள். வேலி என்பது 6.6 ஏக்கர் என்று வைத்துப் பார்த்தால், அது அரை சதுர மில்லிமீட்டர். அந்த நிலத்தில் ஒரு கடுகை வைத்தால் நாலு பக்கத்துக்காரர்களும் ஆக்கிரமிப்பு வழக்குப் போடுவார்கள். கோலால் இதை யாரும் அளந்திருக்க முடியாது. முந்திரி என்பது 320-ல் ஒன்று, அதில் 320-ல் ஒன்று கீழ்முந்திரி, அதற்கும் கீழே இன்னொன்று என்று யாரோ ஒரு கணக்குப்பிள்ளை ஓலையில் வகுத்துக்கொண்டே போயிருக்கிறார். அவரை யாரும் நிறுத்தவில்லை. அரசாங்க ஆபீசில் ஒருவர் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தால் அவரை யாரும் நிறுத்துவதில்லை.

இனி கும்பினி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சங்கடம். போரில் நாடு நாடாக வந்து விழுகிறது. விழுந்தது எவ்வளவு என்று தெரியவில்லை. ஏரி எங்கே, ஆறு எந்தப் பக்கம் சரிகிறது, எங்கே அணை போட்டால் எவ்வளவு வரி கூடும் என்று சொல்ல ஆளில்லை. இங்கிலாந்திலிருந்து ஆள் எடுத்தால் சம்பளம், படி, கப்பல் கூலி. போதாததற்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே காய்ச்சலில் செத்தும் போகிறார்கள். மைக்கேல் டாப்பிங் என்ற கும்பினி வானியலாளர் ஒரு யோசனை சொன்னார்: சென்னையிலேயே பையன்களைப் பிடித்துப் பழக்கிவிடலாம். 1794 மே மாதம் கோட்டைக்குப் பக்கத்தில் சர்வே பள்ளி தொடங்கியது.

எந்தப் பையன்கள்? எழும்பூர் அனாதை ஆசிரமத்தில் வளர்ந்த சிப்பாய்களின் பிள்ளைகள். அப்பா வெள்ளைக்காரச் சிப்பாய், அம்மா இந்த ஊர்க்காரி, அப்பா போரிலோ சாராயத்திலோ போய்ச் சேர்ந்திருப்பார். வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஆளில்லாத பிள்ளைகள். ஆசிரமத்தை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல் வேறொரு சிக்கனக்காரர். நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், சட்டாம்பிள்ளை மற்ற பிள்ளைகளை மேய்ப்பதையும் பார்த்தார். வாத்தியாருக்கு எதற்குச் சம்பளம், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று முடிவு செய்தார். இதை அப்படியே கப்பலேற்றி, இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ என்று பெரிய பெயர் வாங்கினார். ஆக, வாத்தியார் இல்லாமல் படித்த பையன்கள் அப்பா இல்லாமல் சர்வேயர் ஆனார்கள். ஆசியாவில் ஐரோப்பிய முறைத் தொழில்நுட்பக் கல்வி இப்படித்தான் உதயமானது. நூற்றாண்டு மலர்களில் இதைக் கொஞ்சம் பூசி எழுதுவார்கள்.

டாப்பிங் 1796-ல் காய்ச்சலில் இறந்தார். பள்ளி இறக்கவில்லை. 1858-ல் சிவில் எஞ்சினீயரிங் பள்ளி, பிறகு கல்லூரி, 1920-ல் கிண்டிக்குக் குடிபெயர்வு என்று வளர்ந்து, இன்று அண்ணா பல்கலைக்கழக வாசலில் கம்பீரமாக நிற்கிறது. அங்கே ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்று ஒரு பி.இ. உண்டு. கவுன்சலிங் ஹாலில் அதை எடுக்கிற மாணவரின் முகத்தைப் பார்த்தால் 1794 நினைவுக்கு வரும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அரை மார்க் குறைந்திருக்கும். கிண்டி வளாகத்தை விடவும் மனசு வராது. “ஜியோ என்றால் சிம் கார்டா?” என்று பாட்டி கேட்பாள். நான்கு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு ஏரியில் எத்தனை ஏக்கர் காணாமல் போயிருக்கிறது என்று கணக்கெடுக்கும். ஏரியை எடுத்தவர்களுக்கு அது முன்பே தெரியும்.

பள்ளிக்கூடத்து நிலவரம் தனி. சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாற்றுக்கும் குடிமையியலுக்கும் நடுவில் அமுக்கிவைத்த பாடம் புவியியல். பெரும்பாலும் அதை நடத்துகிறவர் வரலாறு படித்தவர். பத்தாம் வகுப்பில் வரைபடத்தில் குறிக்கும் கேள்விக்கு மட்டும் பூகோளம் படித்து, கருப்பு மண்ணைத் தக்காணத்தில் தீட்டிவிட்டு, மிச்ச வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காதவர்கள்தான் நாம். பிறகு பட்டா மாறுதலுக்குப் போய், எஃப்.எம்.பி. என்கிற நில அளவைப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

கண்ணைக் கொடுத்தவர் கதைக்கு வருவோம். வில்லியம் லாம்டன், யார்க்ஷயர் விவசாயி மகன். அமெரிக்கச் சுதந்திரப் போரில் தோற்ற பக்கத்தில் சேர்ந்து கைதியானவர். அப்புறம் கனடாவில் படைமுகாம் வீடுகளுக்கு மேலாளராகப் பல வருஷம் ஓட்டினார். அங்கே ஒரு சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து, ஒரு கண் பார்வை கெட்டது. கிரகண நேரத்தில் வெளியே வராதே என்று சொல்ல அவருக்கு ஒரு மாமியார் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தொலைநோக்கி வழியாகப் பார்க்கும் வேலைக்கு ஒற்றைக் கண் எவ்வளவு சௌகரியம் என்பது பின்னால்தான் தெரிந்தது: மற்றக் கண்ணை மூடும் சிரமம் இல்லை.

நாற்பது வயதைத் தாண்டி இந்தியாவுக்கு வந்தார். 1799-ல் திப்புவின் மேல் படையெடுப்பு. ஒரு ராத்திரி ஜெனரல் பேர்டு தன் படையை நடத்திக்கொண்டு விறுவிறுவென்று போகிறார். லாம்டன் வானத்தை அண்ணாந்து பார்த்து, நட்சத்திரப்படி நாம் எதிரி முகாமை நோக்கியல்லவா போகிறோம் என்றார். எனக்கு நட்சத்திரம் பார்த்துச் சொல்ல வேண்டாம் என்றார் ஜெனரல். கடைசியில் திசைகாட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். நட்சத்திரம்தான் சரி. படை திரும்பியது. மேலதிகாரியைத் திருத்தியும் பதவி உயர்வுக்குப் பங்கம் வராமல் தப்பியவர் என்ற வகையில் லாம்டனை அரசு ஊழியர்கள் வணங்கலாம்.

போர் முடிந்ததும் அவர் ஒரு மனு போட்டார். தீபகற்பத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு முக்கோணம் முக்கோணமாக அளக்க வேண்டும். அப்படியே பூமியின் வடிவத்தையும் பார்த்துவிட வேண்டும். மெட்ராஸ் நிதிக்குழுவில் ஒருவருக்குத் தலை சுற்றியது. ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குக்காரனிடம் சொன்னால் கொண்டுபோய் விடுகிறான், இதற்கு எதற்குக் கோணமும் குத்துக்கல்லும் என்கிற அர்த்தத்தில் எழுதிவைத்தார். கூகுள் மேப் இருக்கும்போது சர்வேயர் எதற்கு என்று இன்றைக்குக் கேட்கிறவர்களின் ஞானத் தந்தை அவர்தான். பல்லக்குக்காரனுக்கு வழி தெரியும் என்பதில் சந்தேகமில்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் அவனுக்கும் தெரியாது, நிதிக்குழுவுக்கும் தெரியாது.

அளக்கும் சாமான்கள் வந்து சேர்ந்த கதையைக் கேட்டால் நம் ஊர் டெண்டர்களே மேல் என்று தோன்றும். 100 அடி எஃகுச் சங்கிலி உண்மையில் சீனச் சக்கரவர்த்திக்காகச் செய்தது. மெக்கார்ட்னி பிரபு தூது போனபோது சீர்வரிசையில் அதுவும் போனது. இதெல்லாம் எங்களுக்கு வேண்டியதில்லை என்று சக்கரவர்த்தி சொல்லிவிட்டார். தூதுக்குழுவிலிருந்த டின்விடி என்பவர் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விற்க, லாம்டன் கைக்கு வந்தது. இந்தியாவை அளந்தது பெய்ஜிங் திருப்பியனுப்பிய சங்கிலி. கோணம் பார்க்கும் பெரிய தியோடலைட் இன்னும் விசேஷம். எடை அரை டன். லண்டனிலிருந்து கப்பலில் வரும்போது ஃபிரெஞ்சுக்காரர்கள் கப்பலையே பிடித்து மொரீஷியஸுக்கு ஓட்டிப் போனார்கள். அங்கே இருந்த கவர்னர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பீரங்கி இல்லை, கணக்குப் போடும் கருவி என்று தெரிந்ததும், பழையபடி கட்டி, வாழ்த்துச் சொல்லி மெட்ராஸுக்கே அனுப்பிவைத்தார். எதிரி அனுப்பிய சாமான் பத்திரமாக வந்து சேர்ந்தது என்பதைக் கூரியர் கம்பெனிகள் கவனிக்க வேண்டும்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் அடிக்கோடு. சங்கிலியை மரத் தொட்டிகளில் படுக்கவைத்து, முக்காலிகள் மேல் மட்டம் பார்த்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து, வெயிலுக்கு எஃகு எவ்வளவு நீண்டது என்று கழித்து, 100 அடி நகர்த்துவார்கள். திரும்பவும் தொட்டி, முக்காலி, மட்டம். இப்படி 400 தடவை, ஏப்ரல் போய் மே வந்து கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும்வரை. தொட்டியைத் தூக்கியவர்கள், வெப்பமானிக்குக் குடை பிடித்தவர்கள் பெயர் ஒன்றும் ரிக்கார்டில் பிரபலமில்லை. அவர்கள் தலைக்கு யார் குடை பிடித்தார்கள் என்பதும் இல்லை. சிவில் படித்தவர்களுக்குப் புரியும். சர்வே கேம்ப்பில் ஸ்டாஃப் பிடித்து நிற்கிறவன் பெயர் எந்த லெவல் புக்கிலும் வராது. இன்று அதே கோட்டை ரியல் எஸ்டேட்காரர்கள் அளக்கிறார்கள்: பரங்கிமலை மெட்ரோவிலிருந்து பெரும்பாக்கம் மனைக்குப் பத்தே நிமிடம். லாம்டன் இந்த வேகத்தைக் கேட்டால் அழுதிருப்பார்.

அந்தக் கோட்டிலிருந்து முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே மேற்குக் கரை வரை போனார். மெட்ராஸிலிருந்து மங்களூருக்கு 400 மைல் என்று பழைய படங்கள் சொன்னன; லாம்டன் கணக்கில் 360. கும்பினியின் சொத்தில் 40 மைல் அகலத்துக்குத் துண்டு விழுந்தது. பணத்தைக் கொட்டி ஆள் வைத்து அளந்து, இருந்த நிலம் குறைந்தது என்று தெரிந்துகொண்டார்கள். மகாபலிக்குப் பிறகு அந்த அனுபவம் கிடைத்தது கும்பினிக்குத்தான்.

1808-ல் தஞ்சாவூர். சமவெளி, மலை கிடையாது, தென்னை வேறு மறைக்கிறது. உயரமாக இருப்பது பெரிய கோயில் ஒன்றுதான். அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்து, கருவி கோயில் சுவரில் போய் மோதியது. அரை சதுர மில்லிமீட்டருக்குக் கணக்கு வைத்திருந்த மன்னன் கட்டிய கோயில். எட்டு நூற்றாண்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் அளந்தாயிற்று, நீ எதற்கப்பா திரும்பவும் என்று ராஜராஜனே ஒரு தட்டுத் தட்டினாரோ என்னவோ. கோணம் பார்க்கும் வட்டத் தகடு நெளிந்துபோனது. புதிதாக வாங்கலாமென்றால் லண்டனுக்கு எழுதி, கப்பல் வந்து, நடுவில் ஃபிரெஞ்சுக்காரன் பிடிக்காமல் இருந்து, வருஷங்கள் ஆகும். லாம்டன் கூடாரத்துக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார். ஆறு வாரம். ஆப்பு, திருகு, கப்பி, மரச்சுத்தி. இம்மி இம்மியாக நெளிவெடுத்து வெளியே வந்தார். அதே தியோடலைட்டை வைத்துக்கொண்டுதான் அப்புறம் பல வருஷம் நாட்டை அளந்தார்கள். 1823-ல் மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில், எழுபது வயதை ஒட்டி, வேலை நடுவிலேயே இறந்தார். ஓய்வு பெறுவது என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்து வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். திறமைசாலி, பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. கோபத்தைத் தாங்க முடியாமல் விலகியவர்கள் உண்டு. அவருடைய காலத்தில் கிராமங்களில் ஒரு வதந்தி: துரையின் குழாய் வழியாகப் பார்த்தால் அந்தப்புரத்துப் பெண்கள் தெரிவார்கள், அதுவும் தலைகீழாக. தலைகீழாகத் தெரியும் என்பது சத்தியம். அந்தக்காலத் தொலைநோக்கி எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் காட்டும். மற்றது அவதூறு. மலேரியாவில் பல் கிட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு அந்தத் தெம்பெல்லாம் கிடையாது. எப்படியோ குமரி முனையிலிருந்து மசூரிப் பக்கம் வரை சுமார் 2,400 கிலோமீட்டர் வளைவை அளந்து முடித்துவிட்டு 1843-ல் ஊருக்குப் போனார்.

அவர் பிடித்துவைத்த ஆட்களில் ஒருவர் ராதாநாத் சிக்தார். கல்கத்தா இந்துக் கல்லூரியில் கணிதப் புலி. 1831-ல் மாதம் 30 ரூபாய்க்குச் சேர்ந்தார். பதவியின் பெயர் கம்ப்யூட்டர். கல்கத்தா கணக்கு அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்தவர் ஜோஷுவா டி பென்னிங். நம் மெட்ராஸ் சர்வே பள்ளியில் வார்த்தெடுத்து, லாம்டனோடு காடு மேடெல்லாம் சுற்றிய ஆள். ராதாநாத்துக்கு உள்ளூர ஓர் ஆசை: டெப்டி கலெக்டர் ஆக வேண்டும். அந்தக் காலத்து ஐ.ஏ.எஸ். கனவு. எவரெஸ்ட் விடவில்லை. இந்தக் கணக்கைப் போட இன்னொருவன் கிடைக்கமாட்டான், சம்பளத்தைக் கூட்டுங்கள், ஆளை விடாதீர்கள் என்று மேலே எழுதினார். வாழ்க்கையில் நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த நற்சான்றிதழ் நம் ராஜினாமாவை நிராகரிக்கத்தான் பயன்படும். 1843-ல் டேராடூன் மாஜிஸ்திரேட் சர்வே கூலிகளைத் தன் மூட்டை சுமக்கப் பிடித்தபோது ராதாநாத் எதிர்த்தார். 200 ரூபாய் அபராதம் கட்டினார். மூட்டைக்காரர்கள் சார்பாக ஒருவர் பேசினார் என்று இந்தத் துறையின் வரலாற்றில் தேடினால் கிடைக்கிற அரிய இடம் இது.

1852-ல் பதினைந்தாம் எண் சிகரம்தான் உலகிலேயே உயரம் என்று அவருடைய கணக்கு காட்டியது. சராசரி சரியாக 29,000 அடி வந்ததாம். இப்படி முழு எண்ணாகச் சொன்னால் குத்துமதிப்பு என்பார்களே என்று இரண்டடி கூட்டி 29,002 என்று 1856-ல் அறிவித்தார்கள் என்பார்கள். நேர்மையாகக் கிடைத்த விடையை நம்பவைக்கக் கொஞ்சம் பொய் கலக்க வேண்டியிருந்தது. பெயர் வைக்கும் நேரம் வந்தபோது, அப்போது சர்வே துறைத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ வா தன் பழைய எஜமான் பெயரை வைத்தார். உள்ளூர் ஜனங்கள் வாயில் என் பெயர் நுழையாது என்று எவரெஸ்டே ஆட்சேபித்தும் பார்த்தார். ராதாநாத் 1870-ல் காலமானார். துறை வெளியிட்ட சர்வே கையேட்டில், கணித அத்தியாயங்களுக்கு உதவியவர் என்று முதல் பதிப்பில் இருந்த அவர் பெயர், 1875 பதிப்பில் இல்லை. மலையை அளந்தவரைப் பக்கத்திலிருந்து எடுப்பது அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

அடுத்து அளக்க வேண்டியிருந்தது திபெத். அதற்குள் அப்போது வெள்ளைக்காரர்கள் போனால் தலை போகும். அதனால் டேராடூனில் ஒரு வகுப்பு நடந்தது, பாடத்திட்டம் நடப்பது. குமாவுன் மலைப் பள்ளிக்கூட வாத்தியார் நைன் சிங்குக்கு, மேடோ பள்ளமோ, ஒவ்வொரு எட்டும் ஒரே அளவாக வைக்கப் பயிற்சி கொடுத்தார்கள்: ஒரு மைலுக்குச் சுமார் 2,000 எட்டு. 108 மணி இருக்க வேண்டிய ஜபமாலையில் 100 மணி. நூறு எட்டுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். சுற்றும் பிரார்த்தனை உருளைக்குள் மந்திரத்துக்குப் பதில் அளவைக் குறிப்பு, கைத்தடிக்குள் வெப்பமானி, சோழிக்குள் பாதரசம். 1865-66-ல் யாத்ரீகர் வேஷத்தில் லாசாவுக்குப் போய்த் திரும்பினார். 25 லட்சம் எட்டுகளை எண்ணியிருப்பார். உங்கள் கைக்கடிகாரம் பத்தாயிரம் எட்டுக்குப் பட்டாசு வெடித்துப் பாராட்டுகிறதே, அவருக்கு 1877-ல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் தங்கப்பதக்கம் கொடுத்தது. இப்படி உயிரைப் பணயம் வைத்துப் படம் எடுத்த நாட்டில், சொந்த மண்ணைத் துல்லியமாகப் படமெடுக்க இந்தியக் கம்பெனிகள் அனுமதிக்கு அலைவது 2021 பிப்ரவரியில்தான் நின்றது. மாலை உருட்டியே முடித்திருக்கலாம் என்று சிலர் நினைத்திருப்பார்கள்.

நைன் சிங்காவது எழுதப் படிக்கத் தெரிந்தவர். கின்துப்புக்கு அதுவும் தெரியாது. சிக்கிம்காரர். திபெத்தின் சாங்போ நதிதான் அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவாக இறங்குகிறதா என்று பார்க்க 1880-ல் ஒரு லாமாவுக்குத் துணையாக அனுப்பினார்கள். லாமா வழியில் அடுத்தவர் மனைவியிடம் மயங்கி மாதக்கணக்கில் தங்கினார். அப்புறம் கின்துப்பை ஓர் அதிகாரியிடம் அடிமையாக விற்றுவிட்டுக் காசோடு ஓடிப்போனார். கின்துப் தப்பித்து ஒரு மடத்தில் சரண்புக, மடாதிபதி 50 ரூபாய் கொடுத்து அவரை மீட்டுத் தன் வேலைக்கு வைத்துக்கொண்டார். இந்த நிலையில் உங்களையும் என்னையும் போன்றவர்கள் பிராஜெக்ட்டை மறந்திருப்போம். இவர் யாத்திரைக்கு லீவு கேட்டு, காட்டுக்குப் போய், 500 மரக்கட்டைகளை வெட்டி, குறி வைத்து, ஒளித்துவைத்தார். திரும்பி வந்து மடத்தில் வேலை. மறுபடி லீவு, லாசாவுக்கு நடை, அங்கே ஒருவரைப் பிடித்து மேலதிகாரிக்குக் கடிதம்: இன்ன தேதியிலிருந்து தினம் 50 கட்டையாக ஆற்றில் விடுகிறேன், கீழே ஆள் வைத்துப் பாருங்கள். சொன்னபடி பத்து நாள் விட்டார். கடிதம் உரியவர் கைக்குப் போகவில்லை; அந்த அதிகாரி உடம்பு சரியில்லாமல் இந்தியாவைவிட்டே போயிருந்தார். 500 கட்டைகளும் யாரும் பார்க்காமல் வங்காள விரிகுடாவுக்குப் போயின.

நான்கு வருஷம் கழித்துத் திரும்பி வந்து சொன்னதைத் துறை எழுதிக்கொண்டது, நம்பவில்லை. அவர் டார்ஜிலிங்கில் துணி தைத்துப் பிழைத்தார். 1913-ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு அதிகாரிகள் அதே பள்ளத்தாக்கில் நடந்து பார்த்தபோது கின்துப் சொன்னது அநேகமாக அப்படியே இருந்தது. பெய்லி அவரைத் தேடிக் கண்டுபிடித்து, மாதாமாதம் ஒரு சின்ன பென்ஷன் கொடுங்கள் என்று மன்றாடினார். இந்த ஆள் தொண்ணூறு வயது வரை இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நிதிப் பிரிவு கவலைப்பட்டது. மொத்தமாக 1,000 ரூபாய் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். கொஞ்ச காலத்திலேயே கின்துப் இறந்துபோனார், நிதிப் பிரிவுக்குத்தான் நஷ்டம்.